கேட்டால் கொடுக்க வேண்டிய பொருள்

ரொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்ததுதான் வினையாகப் போயிற்று.

காலைத் தேநீருக்கு உட்கார்ந்த நூரிசா, விரிப்பின் நடுவில் அடுக்கியிருந்த வட்ட ரொட்டிகளில் தன் போனை முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதில் ஓடிக்கொண்டிருந்த எதையோ பார்த்தபடியே செர்ரி ஜாமைத் தேடிக் கையால் துழாவினாள். ரொட்டியைக் கவிழ்த்து வைத்தாலே முகம் சுளிக்கிற ஊர் ஓஷ். கீழே விழுந்த துண்டை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற ஊர். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பதினைந்து வயதுப் பெண் இப்படிச் செய்தால் பெற்றவளுக்குப் பற்றிக்கொண்டு வராதா? ரய்கானுக்கு வந்தது. எட்டிப் போனைப் பிடுங்கிவிட்டாள்.

"ரொட்டி என்னடி உன் போனுக்கு ஸ்டாண்டா?"

"குடுங்கம்மா."

"மாட்டேன்."

நூரிசா அழவில்லை. முன்பெல்லாம் அழுவாள், கதவைச் சாத்துவாள், சித்தி வீட்டுக்கு ஓடுவாள். இந்தத் தடவை நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வச்சுக்கோங்க. ஒம்பதாவது பரீட்சை முடிஞ்சதும் நான் அப்பாகிட்டப் போயிடறேன். அங்க யாரும் எங்கிட்டேருந்து எதையும் பிடுங்க மாட்டாங்க. இன்னொரு தடவ இதத் தொட்டீங்கன்னா, சத்தியமா போயிடுவேன்."

கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். நிதானமாகச் சொன்னால் என்ன செய்வது? ரய்கான் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கை எரிந்தது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கணவன் குபாத் ரஷ்யாவில், எகாத்தரின்பர்க்கில் கட்டட வேலை செய்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், வந்த சூட்டோடு போய்விடுவான். மகள் வகுப்பில் மேசை மேல் தலை வைத்துத் தூங்குகிறாள், இப்படியே போனால் பத்தாவதில் சேர்க்க முடியாது என்று வகுப்பாசிரியை ரய்கானைக் கூப்பிட்டுச் சொன்ன செய்தி அவன் காதுக்கும் போயிருந்தது. "தூங்கறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? இங்க அனுப்பு. என் தங்கச்சி வேலை செய்யற தையல் கூடத்துல சேத்துவிடறேன். கைக்கு வேலை வந்தா போன் தானா கீழ விழும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தையல் கூடத்தை ரய்கான் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். ஜன்னல் இல்லாத நிலவறை. ஓஷ் பெண்கள் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து, வெளியே பனி பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்று தெரியாமல் சட்டைக் கை தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் தன் மகளை நினைத்துப் பார்க்கவே அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

போனை விடவைக்க வேண்டும், மகளையும் விட்டுவிடக் கூடாது. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. ஒளித்து வைத்துப் பார்த்தாயிற்று. மாவுப் பானைக்குள் வைத்தாள், குளிர்கால பூட்ஸுக்குள் வைத்தாள். கடைசியில் ஒரு நாள் தன் ரவிக்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்தாள். அங்கிருந்தும் எடுத்துவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி. வீட்டில் ஒளிக்க இடம் தீர்ந்துபோயிற்று.

ரய்கான் டிராலி பஸ் ஓட்டுகிறவள். கூரையில் இரண்டு நீளக் கொம்புகள் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வர, சந்தையிலிருந்து சுலைமான் மலையைச் சுற்றி, மருத்துவமனை வழியாக, ஊரின் மறுகோடி வரை போய்த் திரும்புவாள். நாலு பேர் நடுவில் சத்தமாகச் சிரிப்பாள், குறுக்கே வருகிற டாக்சிக்காரனை அவன் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவாள். அந்தப் பாதையில் அவளைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்ததற்கு முக்கியக் காரணம் அமானத்து.

நம்பி ஒருவர் கையில் ஒப்படைத்த பொருளுக்குத்தான் அங்கே அமானத்து என்று பெயர். சந்தை நிறுத்தத்தில் ஒருத்தி தூக்குச் சட்டியை நீட்டி, "ரய்கான், இது அமானத்து. ஆஸ்பத்திரி வாசல்ல என் தம்பி நிப்பான்" என்பாள். இன்னொருவர் வீட்டுச் சாவியைக் கொடுப்பார். கூண்டோடு கோழிகூட ஒரு தடவை வந்தது. வாங்கியவர் அதைத் திறந்து பார்க்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது, உடையவர் கேட்ட நொடியில் கொடுத்துவிட வேண்டும். சட்டம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்தது ஆட்டுக்கறி சூப்பு. அதன் மணம் பஸ் முழுக்கப் பரவி, உட்கார்ந்திருந்தவர்களை நெளிய வைத்தது. கண்டக்டர் சல்தனத், ரய்கானுக்குப் பத்து வயது மூத்தவள், நாக்கும் பத்து வயது நீளம். மூடியின் பக்கம் விரலைக் கொண்டுபோனாள்.

"கைய எடுங்கக்கா."

"உப்பு சரியா இருக்கான்னு பாக்கறேன்டி. நோயாளிக்குப் போறது."

"அமானத்துக்கா அது."

"ஆமா, பெரிய அமானத்து. ஊருல உள்ளவ எல்லாம் வீட்டுச் சாவியக்கூட உன்கிட்ட நம்பிக் குடுக்கறா. நீ பெத்தது மட்டும் போனை உன்கிட்டேருந்து ஒளிச்சு வச்சுக்கிட்டுத் தூங்குது."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ரய்கானுக்குச் சுருக்கென்றது. மருத்துவமனை நிறுத்தத்தில் சட்டியை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தவள், மலையைச் சுற்றி வரும் வரைக்கும் அதையே மனசில் உருட்டிக்கொண்டிருந்தாள். ஊரார் ஏன் என்னிடம் கொடுக்கிறார்கள்? கேட்டால் திருப்பிக் கொடுப்பேன் என்பதால். மகள் ஏன் ஒளிக்கிறாள்? அவளிடமிருந்து நான் பிடுங்குகிறேன், கேட்டாலும் கொடுப்பதில்லை. இவ்வளவு சுலபமான கணக்கு இத்தனை நாள் மண்டையில் ஏறவில்லையே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். பிறகு, விடை தெரிந்தவளுக்கு வருகிற உற்சாகத்தோடு ஹாரனை அடித்தாள்.

வீட்டுக்குப் போனதும் மகள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நூரிசா, உன் போனை இனிமே நான் பிடுங்க மாட்டேன்."

நூரிசா திரையிலிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்தாள். "என்ன வேணும் உங்களுக்கு?"

"நீயா குடு. அமானத்தா."

"அப்படின்னா?"

"அப்படின்னான்னு கேக்கறியே, ஓஷ்லதான பொறந்த? நீயே அணைச்சுக் குடுக்கணும். நான் திறக்க மாட்டேன், பாக்க மாட்டேன். யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். நீ கேட்டா அந்த நொடியே குடுத்துடுவேன்."

"எப்பக் கேட்டாலுமா?"

"எப்பக் கேட்டாலும்."

"ஏன் எதுக்குன்னு கேக்காம? மூஞ்சியத் தூக்காம?"

"அமானத்து வாங்கினவளுக்கு வாய் கிடையாது."

நூரிசா சிரித்தாள். அம்மாவுக்கு வாய் இல்லாமல் போகும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் வேறொன்றும் இருந்தது. அவளும் களைத்துப்போயிருந்தாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வைக்கலாம் என்று எடுப்பாள், ஜன்னலில் வானம் வெளுத்துவிடும். பரீட்சைப் புத்தகத்தைத் திறப்பாள், கை தானாகத் தலையணைக்கு அடியில் போகும். தன் கையே தன் பேச்சைக் கேட்காத சங்கதியை யாரிடம் போய்ச் சொல்வது? போனைப் பிடுங்குகிற அம்மாவிடமா?

போனை அணைத்து நீட்டினாள். "அமானத்து."

ரய்கான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தேநீர் ஆறுவதற்குள் நூரிசா கையை நீட்டிவிட்டாள்.

"குடுங்க."

ரய்கான் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நூரிசா அதை வாங்கி, திறக்காமல் அம்மாவையே பார்த்தாள். பிறகு மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும் கேட்டாள். அந்த வாரம் முழுவதும் ஆழம் பார்த்தாள் அந்தப் பெண். குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டாள், சோப்பு நுரையோடு கை வெளியே வந்து கொடுத்தது. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நின்று, பஸ் நிறுத்தமே இல்லாத இடத்தில் கையைக் காட்டினாள். ரய்கான் பிரேக்கை மிதித்தாள். உள்ளே நின்றுகொண்டிருந்த பத்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"அம்மா, அமானத்து."

ரய்கான் ஜன்னல் வழியாகப் போனைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

"இது என்ன பஸ்ஸா, தபாலாபீஸா?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

"உங்க சாவிய நேத்துக் கொண்டுபோய்க் குடுத்தப்ப இது தபாலாபீஸாத்தான் இருந்துது தாத்தா" என்றாள் ரய்கான்.

சல்தனத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "விட்டுப் பிடிக்கிறேன்னு நீ விட்டுட்டேதான் இருக்க. பிடிக்கறது எப்போ?"

"பாத்துக்கிட்டே இருங்கக்கா."

ரய்கானுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்தால் யார் அதை உதைக்கப் போகிறார்கள்? கேட்டால் கிடைக்கும் என்று உறுதியானதும் கேட்பது குறைய ஆரம்பித்தது. ஆனால் போனை விட்டு விலகி இருக்கவும் நூரிசாவால் முடியவில்லை. அதனால் வேடிக்கையான ஒரு காரியம் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டிராலி பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் அறைக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். போன் முன்னால் பெட்டியில், இவள் பின்னால் இருக்கையில். கன்றைக் கட்டிய இடத்தைச் சுற்றும் பசு மாதிரி, அதோடு சேர்ந்து ஊரைச் சுற்றினாள்.

சும்மா எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? முதலில் நகத்தைக் கடித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தாள். மே மாதத்து வெயில், அக்பூரா ஆற்றுப் பாலம், முதல் செர்ரியைக் கூடை கூடையாக ஏற்றும் பெண்கள், இவற்றுக்கு நடுவில் அவள் சமன்பாடு போட்டாள். செர்ரிக்காரி ஒருத்தி ஒரு கை செர்ரியை அவள் மடியில் போட்டுவிட்டு, "கணக்கு வரலியா? உன் அம்மாவக் கேளு, அத்தன பேர் சாமானையும் மறக்காம வச்சிருக்கா" என்றாள். திருப்பத்தில் கொம்பு கம்பியை விட்டு நழுவி வண்டி நின்றால், நூரிசா இறங்கிப்போய் அம்மா கொம்பில் கட்டிய கயிற்றை இழுத்து அதை மறுபடி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் தானே கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு கயிற்றைப் பிடித்தாள். கொம்பு கம்பியில் உட்கார்ந்து பொறி தட்டியதும் பல் தெரியச் சிரித்தாள். மகளின் பல்லைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று ரய்கான் எண்ணிப் பார்த்தாள்.

இரவில் தூங்கினாள். வகுப்பில் விழித்திருந்தாள். காலையில் போனை அவளே அணைத்துக் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டு வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். வகுப்பாசிரியை மறுபடியும் கூப்பிட்டு, "வீட்டுல என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

கடைசிப் பரீட்சை நாள். ரய்கான் ஊர்க்கோடி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுச் சம்சாவைப் பிட்டு வாயில் போடும்போது குபாத் கூப்பிட்டான்.

"நூரிசா போன் ஏன் அணைஞ்சு கிடக்கு? காலைலேருந்து கூப்பிடறேன்."

"எங்கிட்ட அமானத்தா இருக்கு. அவ பரீட்சைல இருக்கா."

"சரி கேளு. தையல் கூடத்துல ஒரு இடம் காலியா இருக்கு. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள வரேன்னு சொன்னா டிக்கெட் எடுத்துடுவேன், இல்லன்னா வேற பொண்ணச் சேத்துக்குவாங்க. அவளுக்கே எழுதியிருக்கேன். போன மாசம் அவளே தான கேட்டா, அப்பா என்னக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு. அவ சொல்லட்டும்."

ரய்கான் மிச்சச் சம்சாவைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். போன மாதம் என்றால் ரொட்டிச் சண்டை நடந்த நாளாக இருக்கும். மகள் சும்மா மிரட்டவில்லை, எழுதியே கேட்டிருக்கிறாள்.

பக்கத்தில் நின்ற சல்தனத்துக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "வாய மூடிக்கிட்டு இரு" என்றாள் உடனே. "அவ ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறந்தான போனைக் கேப்பா? அதுக்குள்ள அந்த இடம் போயிடும். நீ ஒண்ணும் பிடுங்கல, ஒளிக்கல. அவ கேக்கல, நீ குடுக்கல. அவ்வளவுதான்."

"அமானத்துக்கா."

"அமானத்து வாங்கினவளுக்கு வாய் இல்லன்னு உன் பொண்ணுகிட்ட நீயே தான சொன்ன? மூடு."

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு. ரய்கான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தாள். உள்ளே மகளின் போன். சாயந்திரம் வரை சும்மா இருந்தால் மகள் தனக்கு. வாழ்க்கையில் அவள் எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. என்றைக்காவது நூரிசா தேதியைப் பார்ப்பாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அம்மா பேசாமல் இருந்தாள் என்று புரிந்துகொள்வாள். அன்றைக்கு அவள் பிடுங்கப்பட்டவளாகத்தான் நிற்பாள், ரொட்டிச் சண்டையில் நின்றது போல. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று ரய்கான் சொல்லிக்கொண்டாள். யாருடைய பொருளையும் அவள் இப்படி வைத்துக்கொண்டதில்லை, சொந்த மகளிடமா ஆரம்பிப்பது?

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் நூரிசா ஏறினாள். "கணக்கு நல்லாப் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கைக்குப் போனவளை ரய்கான் கூப்பிட்டாள். பெட்டியைத் திறந்து போனை எடுத்து நீட்டினாள்.

"நான் கேக்கலியே."

"உங்கப்பா உனக்கு எழுதியிருக்காரு. எங்கிட்டயும் சொன்னாரு. தையல் கூடத்துல இடமிருக்காம், இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். எனக்கு நீ இங்க இருக்கணும், படிக்கணும். அதத் தவிர வேற ஆசை இல்ல. ஆனா அது உனக்கு வந்த சேதி. பாரு."

சல்தனத் வாயில் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

நூரிசா இருக்கையில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். படித்தாள். நெடுநேரம் படித்தது போல் இருந்தது ரய்கானுக்கு. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மகளின் உச்சி மட்டும் தெரிந்தது. பிறகு கட்டை விரல்கள் எழுத ஆரம்பித்தன. எழுதி, அழித்து, எழுதின. மருத்துவமனை நிறுத்தம் வந்தபோது அவள் எழுந்து வந்து, அணைத்த போனை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அமானத்து" என்றாள். தோழி நிற்கிறாள் என்று இறங்கிப் போய்விட்டாள்.

இதுதான் வேடிக்கை. பதில் ரய்கானின் மடியிலேயே இருந்தது. பூட்டு எண் நூரிசாவின் பிறந்த நாள்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"பாத்துடு" என்றாள் சல்தனத்.

"முடியாதுக்கா."

"எனக்குத் தலை வெடிச்சுடும்டி."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் போனை வைத்து மூடினாள். அடுத்த திருப்பத்தை அவள் வேகமாக எடுத்துவிட்டாள். கொம்பு நழுவி வண்டி நின்றது. எத்தனையோ வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, அன்றைக்குக் கயிறு கைக்குள் நிற்கவில்லை. பின்னால் கார்கள் கத்தின. சல்தனத் இறங்கி வந்து ஒரு கயிற்றைப் பிடித்த பிறகுதான் கொம்பு கம்பியில் உட்கார்ந்தது.

சந்தை நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு குபாத் கூப்பிட்டான். கையில் எண்ணெய்க் கரி. ரய்கான் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"எழுதிட்டா" என்றான்.

"சொல்லுங்க."

"நீ பாத்தியா?"

"இல்ல. அமானத்து."

அவனைச் சுற்றி யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குபாத், பள்ளிக்கூடப் பையன் பாடம் படிப்பது போல் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான்.

"'அப்பா, போன மாசம் கோவத்துல கேட்டேன். இப்ப கேக்கல. நானும் நீங்க அம்மாகிட்டக் குடுத்துட்டுப் போன அமானத்துதான். நீங்க திருப்பிக் கேட்டா அம்மா அந்த நொடியே குடுத்துடுவாங்க. அவங்க அப்படித்தான், எனக்குத் தெரியும். அதனால நீங்க கேக்காதீங்க.'"

இரும்புச் சத்தம் நின்றது. சல்தனத் டிக்கெட் பையை முகத்தின் மேல் வைத்துக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போய்விட்டாள்.

"ரய்கான், இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் கேக்கல" என்றான் குபாத்.